தானே இணையும் டிரைவும், தானே புயலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்த விஷயம் இது. ஆணி அதிகம், அதனால தள்ளிப்போய்க்கிட்டே இருந்துச்சு. போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "ஆபீஸுக்கு ஆறு லேப்டாப் வாங்கியிருக்கோம்யா. மூடியைத் திறந்த உடனே சர்வர்ல இருக்கிற ஷேர்டு ஃபோல்டர் இசட் டிரைவா தானா வந்து நிக்கணும். யாரும் எதையும் கிளிக் பண்ற மாதிரி இருக்கக் கூடாது. ஒரு பேட்ச் ஃபைல் எழுதிக் குடு"ன்னார்.

முடியாதுன்னுட்டேன்.

"ஏன், உனக்குத் தெரியாதா?"ன்னார். தெரியும். தெரிஞ்சதாலதான் முடியாதுன்னேன். அவருக்குக் கோவம், போனை வச்சுட்டார். அவர்கிட்ட சொல்ல முடியாம போனதை இங்க கொட்டிடறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சுவத்தோட ஒயர் போட்டுக் கட்டி வச்ச மேசைக் கம்ப்யூட்டருக்கு ஷேர்டு டிரைவ் தானா இணையறது சரி. ஊர் சுத்துற லேப்டாப்புக்கு அது ஆகவே ஆகாது. அதை வசதின்னு சொல்லி வித்துக்கிட்டு இருக்கோம். உண்மையில அது நம்ம சோம்பேறித்தனம். அதுக்கு விலை குடுக்கிறது நாம இல்ல, அந்த லேப்டாப் முன்னாடி உக்காந்து கணக்கு எழுதுறவங்க.

இன்னொண்ணு. எங்க ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலிக்குப் பக்கம். செம்மண்ணு, முந்திரித் தோப்பு, பலா மரம். எங்க மாவட்டத்துக்காரன்கிட்ட "தானே"ன்னு சொல்லிப் பாருங்க, அவனுக்கு வேற ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின புயலுக்கு அதான் பேர். முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்ததைப் பாத்தவங்க நாங்க. அதனால "தானே நடக்கும், நீ ஒண்ணும் பண்ண வேணாம்"னு யாராவது சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள லேசா ஒரு உதறல் எடுக்கும் :-)

எங்கேருந்து வந்தது இந்தப் பழக்கம்?

ஏ, பி ரெண்டும் ஃபிளாப்பிக்கு. சி ஹார்டு டிஸ்குக்கு. டாஸ் காலத்து மென்பொருளுக்கெல்லாம் ஒரு எழுத்து, பக்கத்துல ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான் உலகம். நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கிறதே அதுங்களுக்குத் தெரியாது. 1980-கள்ல நாவெல் நெட்வேர் என்ன பண்ணுச்சுன்னா, தூரத்துல இருக்கிற சர்வரை எஃப் டிரைவ்னு காட்டி அந்த மென்பொருளையெல்லாம் ஏமாத்துச்சு. பாவம், அதுங்களும் நம்பிடுச்சு. அதே காலகட்டத்துல ஐபிஎம்-ல பாரி ஃபைகன்பாம் உருவாக்கினதுதான் எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து லேன் மேனேஜர்ல வளர்த்துச்சு. நாம இன்னைக்கும் அடிக்கிற "நெட் யூஸ்" கட்டளை அந்த வம்சம். 1992-ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆரம்பிச்ச சாம்பா வழியா யூனிக்ஸ், லினக்ஸ் பெட்டிகளும் இந்தக் கூட்டத்துல சேர்ந்துக்கிச்சு.

அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா மேசை மேல இருக்கும். பின்னாடி ஒயர் இருக்கும். காலையில ஆபீஸ் பையன் முதல்ல சர்வரைப் போடுவான், அப்புறம் மத்ததெல்லாம் போடுவாங்க. "லாகின் பண்ணும்போது மறுபடி இணை"ன்னு ஒரு டிக் அடிச்சா போதும். அந்த டிக்குக்குள்ள மூணு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, கம்ப்யூட்டர் ஓடினா நெட்வொர்க்கும் இருக்கும். ரெண்டு, அந்த நெட்வொர்க் நம்ம ஆபீஸ் நெட்வொர்க்தான். மூணு, இந்தக் கம்ப்யூட்டரை ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான் தொடுவாங்க.

லேப்டாப் வந்ததும் மூணும் காலி. ஆனா டிக் மட்டும் அப்படியே இருக்கு.

எங்க பக்கத்துல பல வீட்டுக்குள்ள முதல் லேப்டாப் வந்ததே 2011 செப்டம்பர்ல தமிழக அரசு ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துலதான். நல்ல திட்டம், குறை சொல்லலை. அதுக்கப்புறம் சின்னச் சின்னக் கடை, மண்டி, கான்ட்ராக்டர் ஆபீஸ்லயும் லேப்டாப் சகஜமாயிடுச்சு. பகல்ல ஜிஎஸ்டி பில்லு, ராத்திரி வீட்டுல பிள்ளைங்க கேம், ஞாயித்துக்கிழமை சொந்தக்காரர் கல்யாண வீடியோ. ஒரே பெட்டிக்குள்ள ஆபீஸும் வீடும் சேர்ந்து குடித்தனம். இந்தப் பெட்டியைத்தான் ஆபீஸ் கஜானாவோட "தானா" ஒட்டிக்கச் சொல்றோம்.

முதல் சண்டை: சிவப்புப் பெருக்கல் குறி

ஷேர்டு டிரைவ் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். காலையில லாகின் பண்ணின உடனே மூலையில ஒரு செய்தி, எல்லா நெட்வொர்க் டிரைவையும் மறுபடி இணைக்க முடியலைன்னு. உள்ள போய்ப் பாத்தா இசட் டிரைவ் மேல சிவப்புல பெருக்கல் குறி. உடனே நமக்கு போன்.

இதுக்குக் காரணம் மர்மமெல்லாம் இல்ல. 2001-ல வந்த எக்ஸ்பி-லேருந்தே, நம்ம மாதிரி ஆளுங்க பயன்படுத்துற விண்டோஸ் நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருக்காம லாகினை முடிச்சுடும். சீக்கிரம் திரை தெரியணுமே, அதுக்கு. ஒயர் போட்ட பெட்டியில நெட்வொர்க் சட்டுனு வந்துடும். லேப்டாப்புல வைஃபை மெதுவா கண்ணு முழிச்சு, பாஸ்வேர்டு சொல்லி, முகவரி வாங்கி வர்றதுக்குள்ள டிரைவ் இணைக்கிற வேலை முயற்சி பண்ணித் தோத்துப்போய் உக்காந்திருக்கும். 2018 கடைசியில வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புல இந்தத் தொல்லை பெருசாகி, மைக்ரோசாஃப்டே அதைத் தெரிந்த கோளாறுன்னு ஒத்துக்கிட்டு, தற்காலிகமா ஓட்டிக்கோங்கன்னு ஒரு ஸ்கிரிப்ட் குடுத்துச்சு. தானா நடக்கவேண்டிய வேலை தானா நடக்கிறதுக்கு இன்னொரு தானா! என்ன கொடுமை சார் இது.

"நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திரு"ன்னு குரூப் பாலிசியில ஒரு அமைப்பு இருக்கே, அதைப் போட்டா?ன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல சரி. அதே லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திறந்தா, வராத சர்வருக்காகத் தவம் கிடக்கும்.

இதை எங்க ஊருக்காரனுக்கு ஒரு நிமிஷத்துல புரியவைக்கலாம். நெய்வேலி சுரங்கத்துல மண்ணையும் நிலக்கரியையும் கன்வேயர் பெல்ட்லதான் கொண்டுபோறாங்க. ஒரு பெல்ட் இன்னொரு பெல்ட்ல கொட்டும், அது அடுத்ததுல கொட்டும். கன்வேயர் இருக்கிற எந்த ஆலையிலயும் பாலபாடம் என்னன்னா, கொட்டுற பெல்ட்டை முதல்ல போடக் கூடாது. வாங்கிக்கிற பெல்ட் முதல்ல ஓடணும், அது ஓடுதுன்னு உறுதியான பிறகுதான் அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஓடணும். முன்னாடி இருக்கிறது நின்னா பின்னாடி இருக்கிறதும் தானா நிக்கணும். இல்லேன்னா கரி பூரா தரையில குவியும். நம்ம பேட்ச் ஃபைல்ல இந்த முறை எங்க இருக்கு? முன்னாடி பெல்ட் இருக்கா இல்லையான்னு பாக்காம கொட்டுது. கொட்டினது சிந்தினா சிவப்புக் குறி போடுது. அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. பதினஞ்சு நிமிஷம் யாரும் தொடலைன்னா விண்டோஸ் சர்வரே இணைப்பைக் கழட்டி விட்டுடும். வழக்கமான அமைப்பே அதுதான். அப்பவும் சிவப்புக் குறி தெரியலாம். ரெட்டை கிளிக் பண்ணினா மறுபடி வந்துடும். அதாவது தேவைப்படும்போது இணைச்சா போதும்னு சர்வருக்கே தெரியுது. நமக்குத்தான் தெரியலை.

ரெண்டாவது: ஊரான் நெட்வொர்க்குல சத்தம் போடுறது

சிவப்புக் குறி வெறும் எரிச்சல். இது ஆபத்து.

ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஒருத்தர் சென்னைக்குப் போறார். லாட்ஜ் வைஃபையில இணையறார். லேப்டாப் என்ன பண்ணும்? "என் சர்வர் எங்க, என் இசட் டிரைவ் எங்க"ன்னு தேடும். சர்வர் பேர் ஒத்தைச் சொல்லா இருந்து டிஎன்எஸ்-ல கிடைக்கலைன்னா, எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ்னு ரெண்டு பழைய வழி இருக்கு. அந்த வழியில பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்தும்: "கணக்கு சர்வர்ங்கிற பேர்ல யாராவது இருக்கீங்களா?" அதே வைஃபையில ஒரு களவாணி உக்காந்திருந்தா, "நான்தான் அது, வா"ன்னு பதில் சொல்வான். இதுக்குன்னே ரெஸ்பாண்டர்னு ஒரு கருவி இருக்கு. பாதுகாப்புச் சோதனை பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். நம்ம லேப்டாப்பும் அதை நம்பி, லாகின் பண்ணியிருக்கிறவர் பேர்ல கைகுலுக்கக் கை நீட்டும்.

பாஸ்வேர்டு அப்படியே போயிடாது. பாஸ்வேர்டை வச்சுப் போட்ட ஒரு கணக்கோட விடைதான் போகும், என்டிஎல்எம் முறையில. ஆனா அந்த விடையை வாங்கிட்டுப் போய் வீட்டுல நிதானமா லட்சக்கணக்கான பாஸ்வேர்டைப் போட்டுப் பாக்கலாம். உங்க பாஸ்வேர்டு கடை பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்னா, டீ ஆறுறதுக்குள்ள உடைஞ்சுடும். இந்த என்டிஎல்எம்-ஐயே மைக்ரோசாஃப்ட் 2024 ஜூன்ல கைவிடப்போற பட்டியல்ல சேர்த்துடுச்சு. ஆனா பழைய பெட்டி இருக்கிற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும்.

நெய்வேலி பஸ் ஸ்டாண்டுல நடுவுல நின்னு, "எங்க மாமா யாருங்க, சாவி குடுக்கணும்"னு கத்துறவனை நாம என்ன சொல்லுவோம்? அதைத்தான் நம்ம லேப்டாப் ஒவ்வொரு புது வைஃபையிலயும் பண்ணுது. அந்த ஆள் டிரைவைத் திறக்கவே இல்ல. மெயில் பாக்கத்தான் மூடியைத் திறந்தார்.

மூணாவது: என் வீட்டுக் கதை

இப்ப சொல்லப்போறதுதான் நான் அந்த நண்பருக்கு முடியாதுன்னு சொன்னதுக்குக் காரணம்.

எங்க பக்கத்துல ஒரு முந்திரி வியாபார ஆபீஸ். பேர் வேணாம். 2019. ஒரு மேசைக் கம்ப்யூட்டரைத்தான் சர்வர்னு வச்சிருந்தாங்க, அதுல கணக்கு. ரெண்டு லேப்டாப். ஒண்ணு கணக்கெழுதுற அக்காவுக்கு, இன்னொண்ணு முதலாளி பையனுக்கு. "தம்பி, திறந்ததும் வரணும்"னு முதலாளி சொன்னார். எனக்குப் பெருமை. பத்து வரியில பேட்ச் ஃபைல் எழுதினேன். ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போட்டேன். ரெண்டு லேப்டாப்புக்கும் ஒரே பயனர் பேர், ஒரே பாஸ்வேர்டு, அதையும் ஃபைலுக்குள்ளயே பச்சையா எழுதி வச்சேன். எல்லா ஃபோல்டருக்கும் முழு உரிமை. வேலை செஞ்சுது. டீயும் மிக்சரும் வாங்கிக் குடுத்தாங்க. அதைச் சாப்பிட்ட கையாலதான் இதை எழுதறேன்.

அக்காவுக்கு மட்டும் ஒரு பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி கணக்கு ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து, கைப்பையில இருக்கிற சின்னப் பர்ஸ்ல போட்டுக்குவாங்க. "எதுக்குக்கா, சர்வர்லதான் இருக்கே"ன்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன். "இருக்கட்டும் தம்பி, புயல்ல வீட்டுப் பத்திரமெல்லாம் நனைஞ்சுபோன ஆளு நானு"ம்பாங்க.

ஒரு திங்கட்கிழமை காலையில அக்கா போன். "தம்பி, ஃபைல் பேரெல்லாம் என்னவோ மாதிரி மாறியிருக்கு. எதுவும் திறக்கலை." போய்ப் பாத்தா ரான்சம்வேர். கணக்கு பூரா பூட்டிட்டு, பணம் குடுன்னு ஒரு சீட்டு.

முதலாளி கேட்ட முதல் கேள்வி: "சனிக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில யார் முதல்ல தொட்டது?" அக்காதான் முதல்ல தொட்டாங்க. முதல்ல சொன்னதும் அவங்கதான். அது போதாதா? "என்னத்தைத் திறந்த, எதைக் கிளிக் பண்ணின"ன்னு ஆரம்பிச்சு, "எவனுக்காவது பெர்சா வித்துட்டியா"ங்கிற வரைக்கும் போயிடுச்சு. அந்த அக்கா பதினோரு வருஷமா அங்க கணக்கு எழுதுறவங்க.

நான் சர்வர்ல பூட்டின ஃபைல்களோட உரிமையாளர் யாருன்னு பாத்தேன். பொதுப் பயனர் பேர் இருந்துச்சு. நான் குடுத்தது. ரெண்டு லேப்டாப்புக்கும் ஒண்ணு. அக்கா இல்லைன்னு நிரூபிக்கிறதுக்கு இருந்த ஒரே வழியை நானே அடைச்சு வச்சிருக்கேன்.

நேரத்தை வச்சுத்தான் பிடிக்க முடிஞ்சுது. பூட்டினது சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல. அக்கா ஆறு மணிக்கே கிளம்பிட்டாங்க. முதலாளி பையன் அன்னைக்கு ராத்திரி கடைக்கு வந்திருக்கான், லேப்டாப்பை சார்ஜ் போட. வீட்டுல ஏதோ திருட்டு கேம் போட்டிருந்தான். மூடியைத் திறந்ததும் ஆபீஸ் வைஃபை, என் பேட்ச் ஃபைல், இசட் டிரைவ். அவன் டிரைவைத் தொடவே இல்ல. "ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுண்ணே, மூடி வச்சுட்டேன்"னான். அவனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? இதெல்லாம் தெரியவர மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் அக்கா ஆபீஸுக்கு வந்து, பேசாம உக்காந்துட்டுப் போனாங்க.

கணக்கு திரும்பக் கிடைச்சுது. அக்காவோட பர்ஸ்ல இருந்த பென் டிரைவ்லேருந்து. எதோடயும் இணைஞ்சில்லாம இருந்த ஒரே பொருள் அதுதான்.

அடுத்த மாசம் அக்கா வேலையை விட்டுட்டாங்க. யாரும் போகச் சொல்லலை. முதலாளி மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லியும் பாத்தார். "ஒருதரம் சந்தேகப்பட்ட இடத்துல எப்படி தம்பி உக்காருறது?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

கணினி மொழியில சொன்னா

2013 செப்டம்பர்ல பரவின கிரிப்டோலாக்கர், பெட்டியில எந்தெந்த எழுத்துல டிரைவ் இருக்குன்னு பாத்து ஒவ்வொண்ணாப் பூட்டுச்சு. இசட்டும் ஒரு எழுத்துதானே? சி-க்கும் இசட்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. டாஸ் மென்பொருளை ஏமாத்துறதுக்காகப் பண்ணின வேலை, முப்பது வருஷம் கழிச்சுத் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை ஆயிடுச்சு. 2016-ல வந்த லாக்கி ஒரு படி மேல போய், எழுத்து குடுக்காத ஷேர்களையும் தேடிப் பூட்டுச்சு. அதனால எழுத்தை எடுத்துட்டா மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். உரிமையையும் குறைக்கணும்.

இன்னொரு நேர்மையும் வேணும். 2017 மே 12-ல உலகத்தையே ஆட்டின வான்னக்ரையை இந்த டிரைவ் கணக்குல சேக்குறவங்க இருக்காங்க. அது தப்பு. அதுக்கு மேப் பண்ணின டிரைவே தேவையில்லை. எஸ்எம்பி முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியாப் போச்சு. அந்த ஓட்டைக்கு மார்ச் 14-லயே மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டிருந்துச்சு, போட்டுக்காதவங்க மாட்டினாங்க. ஆனா கத்துக்கவேண்டிய பாடம் ஒண்ணுதான்: தேவையில்லாம திறந்து கிடக்கிற கதவு.

அதே வருஷம் ஜூன் 27. நாட்பெட்யா. உக்ரைன்ல பரவலா இருந்த ஒரு கணக்கு மென்பொருளோட அப்டேட் வழியா உள்ள வந்துச்சு. கணக்கு மென்பொருள், கவனிச்சீங்களா? மெர்ஸ்க்ங்கிற மாபெரும் கப்பல் கம்பெனி படுத்துடுச்சு. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க நடத்துற முனையம் உட்பட. அவங்களோட டொமைன் கன்ட்ரோலர் சுமார் 150, ஒண்ணுக்கொண்ணு தானா ஒத்திசைஞ்சுக்கிட்டு இருந்ததுங்க. தானா இணைஞ்சிருந்ததெல்லாம் தானா அழிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு பிழைச்சுது, ஆப்பிரிக்காவுல கானாவுல. எப்படி? அந்த நேரம் பாத்து அங்க கரண்ட் கட்!

2012-ல தமிழ்நாடே மின்வெட்டுல கிடந்தப்போ, பக்கத்துல நெய்வேலியில கரண்ட் தயாராகிக்கிட்டு இருக்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிட்டவங்க நாங்க. கரண்ட் கட்டாலயும் ஒரு நல்லது நடக்கும்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா அடிச்சிருப்போம். ஆனா பாருங்க, கானாவுல அந்தப் பெட்டியையும் எங்க ஊர்ல அக்கா பென் டிரைவையும் காப்பாத்தினது ஒரே விஷயம். இணையாம இருந்தது.

எதிர்க்கட்சி வாதங்கள்

"சாதாரண ஆளுங்களுக்கு டிரைவை இணைக்கத் தெரியாது." இதைக் கேட்டா எனக்கு வர்ற கோவம் கொஞ்சநஞ்சமில்ல. வவுச்சர், ஜிஎஸ்டி, டிடிஎஸ், கூலி, கமிஷன் எல்லாத்தையும் மனக்கணக்காப் போடுற அக்காவுக்கு டெஸ்க்டாப்புல ஒரு ஷார்ட்கட்டை ரெட்டை கிளிக் பண்ணத் தெரியாதா? ரெட்டைப் பின்சாய்கோடு, சர்வர் பேர், ஃபோல்டர் பேர். இதை வச்சு ஒரு ஷார்ட்கட். கிளிக் பண்ணினா இணையும். ஒரு கிளிக்! அந்த ஒரு கிளிக்தான் "நான் இப்ப ஆபீஸ் வேலை பாக்கப்போறேன்"ங்கிற முடிவு. அந்த முடிவை அவங்ககிட்டேருந்து பிடுங்கிட்டோம். ஆனா பழி வந்தா மட்டும் அவங்களுக்கு.

"கணக்கு மென்பொருள் எழுத்து கேக்குதே." சில சமயம் உண்மைதான். அப்படின்னா லாகின்ல இணைக்காதீங்க. மென்பொருளைத் திறக்கும்போது இணைக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போடுங்க. பாஸ்வேர்டு கேக்கட்டும், இணைக்கட்டும், மென்பொருளைத் திறக்கட்டும், அது மூடுற வரைக்கும் காத்திருக்கட்டும், மூடினதும் டிரைவைக் கழட்டட்டும். என் பழைய பேட்ச் ஃபைலை விட ரெண்டு வரிதான் அதிகம்.

"பெரிய கம்பெனியெல்லாம் தானாத்தான் இணைக்குது." ஆமா. ஆனா எப்படி? அவங்க குரூப் பாலிசியில இது மேசைப் பெட்டியா, லேப்டாப்பா, எந்த முகவரி வரம்புக்குள்ள இருக்கு, எந்தக் குழு ஆளுன்னு பாத்து இணைக்கிற வசதி இருக்கு. லேப்டாப்பைத் தனியாப் பிரிக்கிறதுக்குன்னே அதுல ஒரு அடையாளம் வச்சிருக்காங்க. லேப்டாப் வேற சாதின்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்கு. நாம அந்த நிபந்தனையையெல்லாம் விட்டுட்டு "தானா"வை மட்டும் காப்பி அடிச்சோம். அவங்களும் சறுக்கியிருக்காங்க. அந்தப் பாலிசிக்குள்ள பாஸ்வேர்டு வைக்கிற வசதி ஒண்ணு இருந்துச்சு. அதைத் திறக்கிற சாவி மைக்ரோசாஃப்டோட ஆவணத்துலயே வெளியாகியிருந்துச்சு. 2014 மே மாசம்தான் அந்த வசதியை நிறுத்தினாங்க.

"லினக்ஸ்ல இதெல்லாம் இருக்கு." சரியாச் சொன்னீங்க. ஆட்டோஎஃப்எஸ் பேர்லயும் "ஆட்டோ" இருக்கு. ஆனா அது பண்றது வேற. யாராவது அந்த ஃபோல்டருக்குள்ள கால் வைக்கும்போது மட்டும் இணைக்கும். சில நிமிஷம் யாரும் தொடலைன்னா கழட்டிடும். சன் நிறுவனம் 1980-களோட கடைசியிலயே இதைச் செஞ்சுடுச்சு. நான் கேக்கிறதும் இந்த "தானா"வைத்தான்.

"எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, நீ எந்தக் காலத்துல இருக்க?" கிளவுடு ஃபோல்டரும் தானா ஒத்திசையறதுதான். இங்க பூட்டினா அங்கயும் பூட்டின ஃபைல்தான் போகும். பழைய பதிப்பை வச்சிருக்கிற சேவைன்னா பின்னாடி போய் எடுக்கலாம், அது பெரிய உபகாரம். ஆனா அதுவே பேக்கப் ஆயிடாது.

இன்னைக்கு நடக்கிற கூத்து ஒண்ணு. 2024 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, எஸ்எம்பி இணைப்புக்குக் கையொப்பம் கேக்குது. புரோ பதிப்புல பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி நுழைவையும் மறுக்குது. பழைய சேமிப்புப் பெட்டி வச்சிருக்கவங்களுக்கு டிரைவ் வரலை. உடனே எல்லாரும் குடுக்கிற வைத்தியம் என்ன? "அந்தப் பாதுகாப்பை ஆஃப் பண்ணு, தானா வந்துடும்." பூட்டு இறுக்கமா இருக்குன்னு கதவையே கழட்டுற வைத்தியம். சேமிப்புப் பெட்டியில ஒரு பயனர் பேரும் பாஸ்வேர்டும் போட எவ்வளவு நேரம் ஆகும்?

நான் கேக்கிறது இவ்வளவுதான்

ஒண்ணு: லேப்டாப்புல "மறுபடி இணை" டிக்கை எடுங்க. ஷார்ட்கட் வைங்க.

ரெண்டு: ஆளுக்கு ஒரு பயனர் பேர். இது திருடனைப் பிடிக்க மட்டும் இல்ல. தப்பு பண்ணாதவங்களைக் காப்பாத்த.

மூணு: பாக்க மட்டும் வேண்டியவருக்குப் பாக்க மட்டும் உரிமை. முதலாளி பையனா இருந்தாலும்.

நாலு: எந்த ஃபைலுக்குள்ளயும் பாஸ்வேர்டை எழுதி வைக்காதீங்க.

அஞ்சு: எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் ரெண்டையும் நிறுத்துங்க. எஸ்எம்பி முதல் பதிப்பு இன்னும் உயிரோட இருந்தா அதையும்.

ஆறு: வாரத்துக்கு ஒருதரமாவது எதோடயும் இணையாத ஒரு பேக்கப். எடுத்தா மட்டும் போதாது, அப்பப்போ திறந்தும் பாருங்க.

ஏழு: இதுதான் எனக்கு முக்கியம். கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கயிறு ஓடும். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா பக்கத்துல நிக்கிற யார் வேணும்னாலும் இழுக்கலாம், பெல்ட் நின்னுடும். மேனேஜர் அனுமதி வேணாம். தானா ஓடுற எதுக்கும் இப்படி ஒரு கயிறு இருக்கணும். உங்க ஆபீஸ்ல லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கவங்ககிட்ட சொல்லிக் குடுங்க: சந்தேகமா இருந்தா ஒயரைப் பிடுங்கு, வைஃபையை அணை, அப்புறம் போன் பண்ணு, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. அந்தக் கடைசி வாக்கியத்தை முதலாளியும் காப்பாத்தணும். இல்லேன்னா கயிறு இருந்தும் யாரும் இழுக்க மாட்டாங்க.

நண்பருக்கு மறுபடி போன் பண்ணலாம்னு இருக்கேன். ஷார்ட்கட் வச்சுக் குடுக்க நான் தயார், ஆறு பேருக்கும் ஆறு பயனர் பேரோட. அரை நாள் வேலை. காசு வேணாம், டீயும் மிக்சரும் போதும்.

டிஸ்கி 1: அக்கா இப்ப வேற ஒரு இடத்துல கணக்கு எழுதறாங்க. போன மாசம் பாத்தேன். பர்ஸைத் திறந்து பென் டிரைவைக் காட்டிச் சிரிச்சாங்க. ஆனா அந்த ஆபீஸ் பக்கம் பஸ் போகும்போது இன்னும் மறுபக்கம்தான் பாப்பாங்களாம்.

டிஸ்கி 2: "ஆட்டோ"ங்கிற வார்த்தைக்கே நான் எதிரின்னு கிளம்பிடாதீங்க. பஸ் ஸ்டாண்டுலேருந்து வீட்டுக்கு ஆட்டோவுலதான் வர்றேன். ஆனா அது நான் கூப்பிட்டாத்தான் வருது :-)